சக்கரத்திலிருந்து மேலே பாருங்கள்: பிரேசில் ராணுவ வண்டிகளைப் படத்தில் இனம் காண்பது எப்படி

பிரேசில் ராணுவ வண்டியின் படம் ஒன்று கிடைத்தால் பலரும் முதலில் பீரங்கிக் குழாயைத்தான் பார்க்கிறார்கள். நான் அடியிலிருந்து பார்க்கச் சொல்வேன். முதலில் சக்கரம், அச்சு, அதைத் தாங்கும் ஸ்பிரிங். அப்புறம் உடம்பு. அதற்கப்புறம் மேலே சுழலும் டரட். குழாய் கடைசியில்.

காரணம் இருக்கிறது. பிரேசில் ஜெர்மனியிடம் வாங்கிய லெப்பர்ட் 1ஏ5 டாங்கியில் 105 மி.மீ. பீரங்கி. அமெரிக்காவிடம் வாங்கிய எம்60ஏ3இலும் 105. பக்கத்து நாடான அர்ஜென்டினாவின் டாம் டாங்கியிலும் 105. மூன்றும் பிரிட்டனின் எல்7 என்ற ஒரே பீரங்கிக் குடும்பத்தில் வந்தவை. அப்படியிருக்க, குழாயை வைத்து எந்த வண்டி என்று எப்படிச் சொல்வது? டரட்டைக் கழற்றி வேறொன்றை வைக்கலாம், துப்பாக்கியை மாற்றலாம், பெயின்ட்டை மாற்றலாம். எந்தச் சக்கரம் எங்கே நிற்கிறது என்பதை அவ்வளவு சுலபத்தில் மாற்ற முடியாது. சேஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், பொய் சொல்லாது.

நான் லாரிகளுக்குக் கமான் பட்டை (அச்சைத் தாங்கும் அடுக்குப் பட்டை ஸ்பிரிங்) கட்டும் பட்டறை நடத்துகிறவன். வண்டி உள்ளே வரும்போதே கண் அடியில்தான் போகும். பிரேசில் வண்டிகள்மேல் எனக்குப் பிடிப்பு வந்ததும் அதனால்தான். அந்த நாட்டின் கவச வண்டித் தொழிலே லாரி அச்சிலிருந்து கிளம்பி வந்தது. பெரிதாக்கிப் பார்க்க ஒரு போனும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும், நீங்களும் பழகிவிடலாம்.

டயர் வண்டியா, செயின் வண்டியா?

முதலில் இதைத் தீர்மானியுங்கள். டயர் வண்டி என்றால் ஒரு பக்கம் எத்தனை சக்கரம் என்று எண்ணுங்கள். இரண்டு என்றால் நான்கு சக்கர வண்டி. மூன்று என்றால் ஆறு சக்கரம். நான்கு என்றால் எட்டுச் சக்கரம். பிரேசில் தரைப்படையைப் பொறுத்தவரை விஷயமெல்லாம் அந்த ஆறு சக்கரத்தில்தான் இருக்கிறது. அதனால் அங்கேயே கொஞ்ச நேரம் நிற்போம்.

ஒரு பக்கத்து மூன்று சக்கரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். முன்சக்கரம் தனியாக, தள்ளி நிற்கிறதா? பின்னால் இருக்கும் இரண்டும் ஒன்றோடொன்று உரசிவிடும் அளவுக்கு நெருக்கமாக இருக்கின்றனவா? அப்படியானால் அநேகமாக அது எஞ்சேசா என்ற பிரேசில் கம்பெனியின் வண்டி. இப்போது அந்த இரண்டு பின்சக்கரங்களின் நடுவில் படத்தைப் பெரிதாக்குங்கள். இரண்டு சக்கரத்தையும் இணைத்துக்கொண்டு ஒரு தடித்த இரும்புக் கை தெரியும். பூமராங் சஸ்பென்ஷன் என்று அதற்குப் பெயர்.

நம் டிப்பர் லாரியின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்திருந்தால் இதன் அருமை சட்டென்று புரியும். டிப்பரில் பின்னால் இரண்டு அச்சு, இரண்டு டிஃபரன்ஷியல் (எஞ்சின் சுழற்சியை இடவலச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி), இரண்டுக்கும் நடுவே ஒரு குட்டி ஷாஃப்ட். எஞ்சேசா வண்டியிலோ பின்னால் இருப்பது ஒரே அச்சு, ஒரே டிஃபரன்ஷியல். அந்த அச்சை கமான் பட்டை தாங்குகிறது. அச்சின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு கை. கையின் உள்ளே பல்சக்கரங்கள் வரிசையாக இருந்து, நடுவில் வரும் சுழற்சியை முன்னால் ஒரு சக்கரத்துக்கும் பின்னால் ஒரு சக்கரத்துக்கும் கொண்டுபோகின்றன. கை நடுவில் அச்சைப் பிடித்துக்கொண்டு சீசா பலகை மாதிரி ஆடும். ஒரு சக்கரம் பாறைமேல் ஏறினால் மற்றது பள்ளத்தில் இறங்கும். இரண்டும் தரையை விடாது, இரண்டுக்கும் இழுவை இருந்துகொண்டே இருக்கும். ஒரு டிஃபரன்ஷியலின் எடையும் மிச்சம், செலவும் மிச்சம். மோசமான மண்பாதைக்கு இதைவிட நேர்த்தியான பின் அச்சு அமைப்பை நான் பார்த்ததில்லை.

எஞ்சேசாவைத் தொடங்கியவர் ஜோசே லூயிஸ் விட்டேக்கர் ரிபெய்ரோ என்ற பொறியாளர். சாதாரண லாரியை எல்லாச் சக்கரத்திலும் இழுக்கும் லாரியாக மாற்றிக் கொடுப்பது அந்தக் கம்பெனியின் ஆரம்ப காலத் தொழில்களில் ஒன்று. அந்த அச்சு அறிவைத்தான் பிறகு கவச வண்டிக்கு எடுத்துப்போனார்கள். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் சண்டையிட்ட பிரேசில் படை அமெரிக்காவின் எம்8 கிரேஹவுண்ட் என்ற ஆறு சக்கர வண்டியை ஓட்டிப் பழகியிருந்தது. அதன் வாரிசாக 1970இல் முதல் மாதிரி வந்தது. அதுதான் ஈஈ-9 கஸ்கவெல்.

கஸ்கவெல், உருத்து, குவாரனி

பூமராங் கையைக் கண்டுபிடித்தாயிற்று. இப்போது உடம்பைப் பாருங்கள். தாழ்வான உடம்பு, நடுவில் டரட், அதில் நீளமான குழாய், எஞ்சின் பின்னால் என்றால் கஸ்கவெல். எடை 13 டன் அளவு, மூன்று பேர் போகும் உளவு வண்டி. டரட் இல்லாமலோ, மேலே ஒரு மெஷின்கன் மட்டும் வைத்தோ, படகின் முகம் போலக் கூரான முன்பக்கத்தோடு உயரமான பெட்டியாக இருந்தால் ஈஈ-11 உருத்து. அது ஆட்களை ஏற்றிக்கொண்டு போவது, தண்ணீரில் மிதக்கும். உருத்துவில் ஓட்டுநர் முன்னால் இடப்பக்கம் இருப்பார், எஞ்சின் அவருக்கு வலப்பக்கம். படத்தில் ஓட்டுநர் வலப்பக்கம் இருந்தால், யாரோ படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்களா என்று எழுத்துகளைப் பார்த்துச் சரிபாருங்கள்.

கஸ்கவெல்லின் டரட்டை வைத்து எந்தக் காலத்து வண்டி என்றும் ஓரளவு சொல்லலாம். ஆரம்பத்தில் வந்தவற்றில் பழைய 37 மி.மீ. பீரங்கி இருந்தது, குழாய் மெல்லிசாக இருக்கும். அடுத்து பிரெஞ்சு டரட்டும் 90 மி.மீ. பீரங்கியும். அப்புறம் எஞ்சேசா தானே டரட் செய்தது. பெல்ஜியத்தின் காக்கெரில் 90 மி.மீ. பீரங்கியை உரிமம் வாங்கி பிரேசிலிலேயே தயாரித்து அதில் வைத்தார்கள். மேலே மூன்று விதம், கீழே அதே ஆறு சக்கரம். அடியிலிருந்து பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இன்னொரு சின்ன உதவி: படத்தின் கீழே இருக்கும் பெயர் பிரேசில் பாம்பின் பெயராக இருந்தால் அது எஞ்சேசாவாக இருக்க வாய்ப்பு அதிகம். கஸ்கவெல், உருத்து, ஜரராக்கா, சுக்குரி எல்லாம் அங்குள்ள பாம்புகள்.

ஆறு சக்கரம் இருக்கிறது, ஆனால் பூமராங் கை இல்லை. உடம்பு உருத்துவைவிட உயரம், பக்கச் சுவர் பெரிது, பின்னால் இறங்கும் சாய்தளக் கதவு. அது குவாரனி. உருத்துவின் இடத்துக்கு வந்த வண்டி. மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் செட்டே லகோவாஸ் என்ற ஊரில் இவெக்கோ தொழிற்சாலையில் செய்கிறார்கள். எடை 18 டன் அளவு, 383 குதிரைத்திறன் எஞ்சின், ஓட்டுநரையும் சேர்த்து 11 பேர் போகலாம். மேலே பல விதமான ஆயுதம் இருக்கும்: ஆள் நின்று சுடும் சாதாரண மெஷின்கன் வளையம், உள்ளே உட்கார்ந்து திரையைப் பார்த்துச் சுடும் ரீமேக்ஸ் என்ற பொறி, சிலவற்றில் 30 மி.மீ. பீரங்கியோடு ஆளில்லா டரட். மூன்றும் குவாரனிதான், குழம்ப வேண்டாம்.

இணையத்தில் தேடும்போது ஒரு சிக்கல் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பரனா மாநிலத்தில் கஸ்கவெல் என்ற பெயரில் ஒரு நகரமே இருக்கிறது. குவாரனியை முதலில் பெற்ற படைப்பிரிவுகளில் ஒன்று அந்த ஊரில்தான் இருக்கிறது. 15ஆவது இயந்திரக் காலாட்படை பிரிகேடின் தலைமையகமும் அங்கேதான். அதனால் ‘கஸ்கவெல்’ என்று தேடினால் குவாரனி படங்கள் கொட்டும், கீழே ‘கஸ்கவெல்’ என்றும் எழுதியிருக்கும். எழுதியிருப்பதை விட்டுவிட்டு அச்சைப் பாருங்கள், இரண்டு நொடியில் தெளிவாகிவிடும்.

எட்டுச் சக்கரம் என்றால் கவனமாக இருங்கள். 120 மி.மீ. பீரங்கியோடு இருக்கும் பெரிய எட்டுச் சக்கர வண்டி இத்தாலியின் சென்டௌரோ 2. இதில் 98 வண்டி வாங்கும் திட்டத்துக்கு 2022 டிசம்பரில் பிரேசில் தரைப்படை கையெழுத்திட்டது. பீரங்கி இல்லாமல் ஆட்களை ஏற்றும் எட்டுச் சக்கர வண்டி என்றால் அநேகமாக சுவிஸ் வடிவமைப்பான பிரானா. அது தரைப்படையுடையதே அல்ல, கப்பலிலிருந்து கரையிறங்கிச் சண்டையிடும் கடற்படை வீரர்களான மரைன்களுடையது. இந்த வித்தியாசத்துக்குப் பிறகு வருகிறேன்.

நான்கு சக்கரத்தில் அதிக நேரம் செலவிட வேண்டாம். கவசமில்லாத ஜீப் என்றால் பெரும்பாலும் அக்ராலே கம்பெனியின் மர்ருவா, அதுவும் எஞ்சேசாவின் ஜீப் வழியில் வந்ததுதான். கவசம் போட்ட நான்கு சக்கரம் என்றால் இவெக்கோவின் எல்எம்வி, அங்கே அதற்குக் குவைக்குருஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

செயின் வண்டியில் எண்ணுவது எப்படி

செயின் பொக்லைன் பார்த்தவர்களுக்கு இது சுலபம். முன்னாலும் பின்னாலும் சற்று மேலே தூக்கி நிற்கும், செயினை இழுக்கும் ஸ்பிராக்கெட்டையும் மறுமுனையில் செயினைத் திருப்பிவிடும் ஐட்லரையும் விட்டுவிடுங்கள். தரையில் அழுந்தி நிற்கும் சக்கரங்களை மட்டும் எண்ணுங்கள். அப்புறம் செயினின் மேல்பகுதியைத் தாங்கும் சின்ன டாப் ரோலர் இருக்கிறதா இல்லையா என்று பாருங்கள். இந்த இரண்டு விவரத்திலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

தரையில் ஏழு சக்கரம், பக்கவாட்டில் பாதியை மறைக்கும் ரப்பர் திரை, மேலே 105 மி.மீ. பீரங்கி: லெப்பர்ட் 1ஏ5. பிரேசிலின் முதன்மை டாங்கி இதுதான். 2009 முதல் வந்து இறங்கியவை. பெரும்பாலானவை தெற்குக் கோடியில் ரியோ கிராண்டே டோ சுல் மாநிலத்திலும் அதைச் சுற்றியும் இருக்கின்றன. டாங்கிப் பயிற்சி மையம் அந்த மாநிலத்தின் சான்டா மரியா நகரில் இருக்கிறது. பின்னணியில் பச்சைப் புல்வெளி மேடும் பள்ளமுமாக விரிந்து கிடந்தால் அந்தப் பக்கம் என்று ஊகிக்கலாம்.

தரையில் ஆறு சக்கரம், வார்ப்பில் செய்த உருண்ட முன்பக்கம், உயரமான உடம்பு, டரட்டின் மேலே கமாண்டருக்கென்று இன்னொரு குட்டி டரட்: எம்60ஏ3. பிரேசில் 91 வண்டி வாங்கியது. மேற்கே கம்போ கிராண்டே நகரில் இருந்தவை. எம்60க்கும் அர்ஜென்டினாவின் டாம் டாங்கிக்கும் ஆறு சக்கரம்தான். அங்கே டரட் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். டாம், ஜெர்மனியின் மார்டர் என்ற ஆளேற்றும் வண்டியின் சேஸில் கட்டப்பட்டது. எஞ்சின் முன்னால் இருக்கிறது, அதனால் டரட் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்திருக்கும். எம்60இல் எஞ்சின் பின்னால், டரட் நடுவில். எடையும் பாதிக்குப் பக்கம்: டாம் 30 டன் அளவு, எம்60 ஐம்பதைத் தாண்டும். பக்கத்தில் நிற்கும் ஆளை வைத்து உயரத்தை ஒப்பிட்டாலே தெரிந்துவிடும்.

தரையில் ஐந்து சக்கரம், டாப் ரோலர் கிடையாது, செயின் சக்கரங்களின் மேலேயே படிந்து ஓடுகிறது, உடம்பு நேர்கோட்டுப் பெட்டி: எம்113. உலகில் எத்தனையோ நாடுகளில் இருக்கும் வண்டி இது. அதனால் எம்113 என்று கண்டுபிடிப்பது சுலபம், பிரேசிலுடையது என்று சொல்ல வேறு ஆதாரம் வேண்டும். ஏழு சின்னச் சக்கரம், டாப் ரோலர் இல்லை, பின்பக்கம் தள்ளிப் பெரிய டரட், தடித்த 155 மி.மீ. குழாய் என்றால் எம்109, தானே நகரும் பீரங்கி.

விமானங்களைச் சுடும் செயின் வண்டியான கெபார்ட்டில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். அதற்கும் லெப்பர்ட் 1இன் சேஸ்தான், அதே ஏழு சக்கரம். ஆனால் உற்றுப் பார்த்தால் மூன்றாவது சக்கரத்துக்கும் நான்காவதுக்கும் நடுவே இடைவெளி கொஞ்சம் கூடுதல். மேலே பார்த்தால் சந்தேகமே வராது: டரட்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு 35 மி.மீ. பீரங்கி, முன்னால் ஒரு ரேடார், பின்னால் ஒரு ரேடார். 2013 முதல் பிரேசிலில் இருக்கிறது. 2014 உலகக் கோப்பை கால்பந்து சமயத்தில் மைதானங்களின் வான்பாதுகாப்புக்காக வாங்கினார்கள்.

அடியைப் பார்ப்பது மட்டும் போதாத ஓர் இடமும் உண்டு. பழைய அமெரிக்க எம்41 டாங்கிக்கு ஐந்து சக்கரம், மூன்று டாப் ரோலர். ஆஸ்திரியாவின் எஸ்கே-105 டாங்கிக்கும் அதே ஐந்து, அதே மூன்று. இங்கே டரட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். எஸ்கே-105இன் டரட் இரண்டு துண்டு. பீரங்கி மேல்துண்டில் அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். குறி வைக்கும்போது மேல்துண்டு முழுதுமே ஏறி இறங்கும். இரண்டு துண்டுக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக ஓர் உறை தெரியும். எம்41 ஓய்வு பெற்றுவிட்டது, இன்று அதிகம் பார்ப்பது படைமுகாம் வாசலில் மேடை கட்டி நிறுத்திய நிலையில்தான். எஸ்கே-105 மரைன்களிடம் இருப்பது.

அஸ்ட்ரோஸ்: எனக்கு மிகவும் பிடித்தது

ஆறு சக்கர லாரி, கவசம் போட்ட கேபின், பின்னால் சாய்த்துத் தூக்கக்கூடிய பெரிய பெட்டி. அவிப்ராஸ் கம்பெனி செய்த அஸ்ட்ரோஸ் ராக்கெட் வண்டி இது. இதன் சிறப்பு என்னவென்றால், ஒரே வண்டியில் பல அளவு ராக்கெட்டுகளை மாற்றி மாற்றி ஏற்றலாம். அதனால் படத்தில் பெட்டியின் வாயை எண்ணுங்கள். 32 துளை என்றால் 127 மி.மீ. விட்டமுள்ள எஸ்எஸ்-30. 16 என்றால் 180 மி.மீ. எஸ்எஸ்-40. நான்கு பெரிய துளை மட்டும் என்றால் 300 மி.மீ. வகை. மூடி போட்டிருந்தாலும் மூடியின் எண்ணிக்கை தெரியும்.

அப்புறம் கீழே பாருங்கள். பழைய அஸ்ட்ரோஸ் மெர்சிடிஸ் சேஸில் நிற்கும். புதிய மார்க் 6 வகை செக் நாட்டின் டாட்ரா சேஸில் வருகிறது. டாட்ராவை அடையாளம் காண ஓர் அருமையான வழி இருக்கிறது. அதில் நடுவே ஒரு தடித்த குழாய்தான் முதுகெலும்பு. அதிலிருந்து இரண்டு பக்கமும் பாதி அச்சுகள் தனித்தனியே ஆடும். நம் லாரியில் இரண்டு சக்கரத்தையும் சேர்த்து ஒரே அச்சு குறுக்கே போகுமே, அது டாட்ராவில் கிடையாது. வண்டி காலியாக நிற்கும்போது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரங்கள் நேராக நிற்காமல் சற்றுச் சாய்ந்து நிற்கும். இந்திய ராணுவத்தின் பினாகா ராக்கெட் வண்டியும் டாட்ரா சேஸில்தான் இருக்கிறது. குடியரசு தின அணிவகுப்புப் படங்களில் அதன் சக்கரச் சாய்வை ஒருமுறை பார்த்து வையுங்கள், பிறகு டாட்ராவை எங்கே பார்த்தாலும் கண்ணில் படும்.

அஸ்ட்ரோஸ் படம் கிடைத்தவுடன் பிரேசில் என்று முடிவு கட்டாதீர்கள். மலேசியா, இந்தோனேசியா, சவூதி அரேபியா எல்லாம் வாங்கியிருக்கின்றன. ஈரானோடு நடந்த போரில் ஈராக் அதைப் பயன்படுத்தியது. பிரேசிலில் தரைப்படையின் அஸ்ட்ரோஸ் இருக்கும் இடம் கோயாஸ் மாநிலத்தின் ஃபார்மோசா. சிவப்பு மண், உயரம் குறைந்த கோணல் மரங்கள் பின்னணியில் தெரிந்தால் அந்தப் பகுதியாக இருக்கலாம்.

வண்டி தெரிந்துவிட்டது, யாருடையது?

இங்கேதான் செய்தித்தாள்கள்கூட வழுக்குகின்றன. பிரேசிலில் மரைன்கள் கடற்படையைச் சேர்ந்தவர்கள், தரைப்படையோடு சம்பந்தமில்லை. அவர்களிடமும் டாங்கி, எம்113, அஸ்ட்ரோஸ் எல்லாம் உண்டு. 2021 ஆகஸ்ட் 10ஆம் தேதி தலைநகர் பிரசிலியாவில் அதிபர் மாளிகைக்கு முன்னால் கவச வண்டிகள் ஊர்வலமாகப் போயின. அதே நாளில் நாடாளுமன்றத்தில் வாக்குச்சீட்டு பற்றிய வாக்கெடுப்பு இருந்ததால் உலகம் முழுதும் அந்தப் படங்கள் சுற்றின. கரும்புகை கக்கிக்கொண்டு போன அந்த டாங்கியைப் பலர் ‘பிரேசில் தரைப்படை டாங்கி’ என்று எழுதினார்கள். ஐந்து சக்கரம், மூன்று டாப் ரோலர், இரண்டு துண்டு டரட்: அது மரைன்களின் எஸ்கே-105. ஃபார்மோசாவில் நடக்கும் கடற்படைப் பயிற்சிக்குப் போகும் வழியில் வந்த அணி அது.

பிரித்தறிய நம்பரைப் பாருங்கள். தரைப்படை வண்டிகளில் ஈ, பி என்ற இரண்டு லத்தீன் எழுத்தும் அதையடுத்து நீளமான எண்ணும் இருக்கும். மரைன்கள் வண்டியில் நங்கூரம் சேர்ந்த சின்னத்தைத் தேடுங்கள். வண்ணமும் உதவும்: தரைப்படை வண்டிகளில் கரும்பச்சையும் செம்மண் பழுப்பும் கலந்த இரண்டு வண்ணம் வழக்கம். வெள்ளை பெயின்ட் அடித்து ஐ.நா. எழுத்து இருந்தால் ஹைட்டியாக இருக்கலாம். 2004 முதல் 2017 வரை அங்கிருந்த ஐ.நா. படைக்குப் பிரேசில்தான் ராணுவத் தலைமை. வெள்ளை உருத்து என்றால் தரைப்படை, வெள்ளை எட்டுச் சக்கரப் பிரானா என்றால் மரைன்கள்.

நாட்டையும் சரிபார்க்க வேண்டும். எஞ்சேசா உள்நாட்டுக்கு மட்டும் செய்யவில்லை. ஈராக், லிபியா, கொலம்பியா, சிலி, சைப்ரஸ் என்று கஸ்கவெல் போன இடங்கள் பல. கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவில் 1985 நவம்பரில் எம்-19 கெரில்லாக்கள் நீதி மாளிகையைப் பிடித்தபோது ராணுவம் கவச வண்டிகளோடு உள்ளே புகுந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் உள்பட நூறு பேர் அளவுக்கு இறந்துபோனார்கள். அந்தப் படங்களை எடுத்து நான் சொன்ன வரிசையில் பாருங்கள். ஆறு சக்கரம், பின்னிரண்டும் நெருக்கம், நடுவில் கை. குழாய் நீண்ட டரட் இருந்தால் கஸ்கவெல், பெட்டி உடம்பு இருந்தால் உருத்து. வண்டி பிரேசிலில் செய்தது, படை கொலம்பியாவுடையது, இடம் பொலிவார் சதுக்கம். மூன்றையும் தனித்தனியே குறித்துக்கொள்ளும் பழக்கம் முக்கியம். ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் மற்ற இரண்டும் தெரிந்த மாதிரி மனம் அவசரப்படும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

பக்கத்தில் நிற்கும் சிப்பாயின் கையில் என்ன?

வண்டி தெளிவாக இல்லாதபோது துப்பாக்கி கைகொடுக்கும். பிரேசில் தரைப்படை 1964இல் எஃப்ஏஎல் துப்பாக்கியை ஏற்றது. மினாஸ் ஜெராய்ஸின் இட்டாஜுபா ஊரில் இம்பெல் என்ற அரசு நிறுவனம் அதைத் தயாரித்தது, எம்964 என்று பெயர். நம் ஊர்க் காவலர்கள் கையில் நீங்கள் பார்த்திருக்கும் எஸ்.எல்.ஆர். இதே எஃப்ஏஎல் வழியில் வந்ததுதான். அதனால் அந்த நீண்ட உடம்பும் நேரான 20 குண்டு மேகசீனும் உங்களுக்குப் பரிச்சயமாகவே இருக்கும். பின்கட்டை மடங்கும் குட்டி வடிவமும் உண்டு.

இப்போது அதன் இடத்துக்கு இம்பெலின் ஐஏ2 வந்துகொண்டிருக்கிறது. மேலே குறிபார்க்கும் கருவி மாட்டப் பல் பல்லாக ரெயில், கறுப்பு பிளாஸ்டிக் கைப்பிடி, மடங்கும் கட்டை. 5.56 மி.மீ. வகையில் மேகசீன் வளைந்திருக்கும், 7.62 வகையில் எஃப்ஏஎல் போல நேராக இருக்கும்.

இவற்றை வைத்துப் படத்தின் காலத்தையும் கணிக்கலாம், எனக்கு இது மிகவும் உதவுகிறது. லெப்பர்ட் 1ஏ5 பிரேசில் நிறத்தில் இருந்தால் 2009க்கு முந்தைய படமாக இருக்காது. கெபார்ட் இருந்தால் 2013க்கு முன் இல்லை. குவாரனி படைப்பிரிவுகளுக்குப் போய்ச் சேர்ந்தது 2014இல். வரிசையாக நிற்கும் சிப்பாய்கள் கையில் எல்லாம் நீண்ட எஃப்ஏஎல், பக்கத்தில் உருத்து என்றால் பழைய படமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் கஸ்கவெல்லை மட்டும் வைத்துக் காலம் சொல்லாதீர்கள். ஐம்பது வருடம் ஆகியும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. 2023 டிசம்பரில் வெனிசுவேலாவும் கயானாவும் எசெக்கிபோ பகுதிக்காக முறைத்துக்கொண்டபோது, பிரேசில் தன் வட எல்லையான ரோரைமா மாநிலத்துக்கு குவாரனியோடு கஸ்கவெல்லையும் சேர்த்தே அனுப்பியது.

பழகத் தொடங்க நல்ல இடம் செப்டம்பர் 7 சுதந்திர தின அணிவகுப்புப் படங்கள். வண்டிகள் பக்கவாட்டில், தெளிவாக, வரிசையாகப் போகும். சக்கரத்தை எண்ண அதைவிட வசதி கிடையாது. சண்டை, கலவரம், வெள்ளம் என்று எடுத்த படங்களை அப்புறம் பார்க்கலாம். அவற்றில் சேறும் புகையும் ஆட்களும் பாதி அச்சை மறைத்துவிடும்.

ஒசோரியோ படம் வந்தால்

இது ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். பெரிய, தட்டையான பக்கங்கள் கொண்ட நவீன டரட், ஆறு சக்கரச் செயின், பக்கத்தை மூடிய திரை, ‘பிரேசில் ராணுவத்தின் டாங்கி’ என்ற தலைப்போடு ஒரு படம் அடிக்கடி சுற்றுகிறது. ஈஈ-டி1 ஒசோரியோ. லாரி அச்சில் தொடங்கிய அதே எஞ்சேசா 1980களில் செய்த முழு அளவு போர் டாங்கி. ஒரு மாதிரியில் 105, இன்னொன்றில் 120 மி.மீ. பீரங்கி. 1987இல் சவூதி அரேபியாவின் பாலைவனச் சோதனையில் அமெரிக்காவின் ஏப்ரம்ஸ், பிரிட்டனின் சேலஞ்சர், பிரான்ஸின் ஏஎம்எக்ஸ்-40 ஆகியவற்றோடு போட்டியிட்டு நன்றாகவே ஓடியது. கடைசியில் சவூதி ஏப்ரம்ஸை வாங்கியது. தன் கையிருப்பை எல்லாம் அதில் போட்டிருந்த எஞ்சேசா 1993இல் திவாலானது.

அந்த டாங்கி எந்தப் படையிலும் சேரவில்லை, தொடர் உற்பத்திக்கும் வரவில்லை. பிரேசில் ராணுவத்திடம் இருப்பவை காத்துவைத்த மாதிரி வண்டிகள் மட்டுமே. ஆகவே ஒசோரியோ இருக்கும் படத்தின் கீழே ‘பயன்பாட்டில் உள்ள டாங்கி’ என்று யாராவது எழுதியிருந்தால் அதைத் திருத்திச் சொல்லுங்கள். திருத்தும்போது அதைச் செய்தது எஞ்சேசா என்றும் சேர்த்து எழுதுங்கள். அந்தப் பட்டறைக்காரர்களின் உழைப்புக்கு அந்த ஒரு வரியாவது சேர வேண்டும்.